சமையற்கலைப் பள்ளியில் சேரும் வீட்டு பேக்கர்களுக்கு: கேள்வி – பதில்

வீட்டில் கேக்கும் ரொட்டியும் செய்து பழகி, இப்போது முறைப்படி படிக்க முடிவெடுத்திருப்பவர்களிடமிருந்து இம்முறை நிறையக் கடிதங்கள் வந்திருந்தன. அவற்றில் ஒன்றோடொன்று தொடர்புடைய கேள்விகளைத் தேர்ந்தெடுத்து, பேஸ்ட்ரி வகுப்பு எடுக்கும் ஆசிரியர் என்ற முறையில் பதில் எழுதியிருக்கிறேன். முதல் கேள்விக்கான பதில் சற்று நீளம். மற்றவற்றுக்கும் அதுவே அடிப்படை என்பதால் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

கேள்வி: பல ஆண்டுகளாக வீட்டில் பேக்கிங் செய்து வருகிறேன். குடும்பத்தில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் கேக் என் பொறுப்புதான். சாப்பிட்டவர்கள் எல்லோரும் பாராட்டவே செய்கிறார்கள். அடுத்த பருவத்தில் சமையற்கலைப் பள்ளியில் பேக்கரி, பேஸ்ட்ரி படிப்பில் சேர இடம் கிடைத்திருக்கிறது. இடம் கிடைத்த பிறகுதான் பயம் வந்திருக்கிறது. எனக்கு ஏற்கெனவே தெரிந்திருப்பது அங்கே உதவுமா, அல்லது எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் போக வேண்டுமா? வகுப்பு தொடங்கும் முன் எதைப் பழகிக்கொண்டு போவது நல்லது? – ஒரு வாசகி

பதில்: எதையும் மறக்க வேண்டியதில்லை. பிசைந்த மாவை விரலால் அழுத்தியதும் இன்னும் சற்று நேரம் பிசைய வேண்டும் என்று உணர்வதும், கடிகாரம் பார்க்காமலே கேக் வேகும் வாசனையை வைத்து ஓவன் பக்கம் திரும்புவதும் பாடப்புத்தகம் தந்துவிடக்கூடியவை அல்ல. ஓவனையே தொட்டிராத மாணவருக்கு இவற்றைக் கற்பிக்கத்தான் எங்களுக்கு அதிக காலம் பிடிக்கிறது. அந்தக் கைப்பக்குவத்துடன் வரும் உங்களிடம் பள்ளி புதிதாகக் கேட்கப்போவது வேறு ஒன்றை. நேற்று நன்றாக வந்த அதே கேக்கை, பழக்கமில்லாத ஓவனில், வேறொரு நிறுவனத்தின் மாவில், மழை நாளிலும் வெயில் நாளிலும், சொன்ன மணிக்குள், சொன்ன எண்ணிக்கையில் உங்களால் மறுபடி செய்ய முடிய வேண்டும். அதற்கு, நன்றாக வந்ததன் காரணம் என்ன என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டு பேக்கருக்குப் பெரும்பாலும் குறைவாக இருப்பது இந்தக் காரண அறிவுதான். திறமை குறைவாக இருப்பதை நான் அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன்.

முதலில் அளவுகளிலிருந்து தொடங்குங்கள். ஒரு கப் மைதாவைக் கரண்டியால் மெதுவாக அள்ளிப் போட்டு நிரப்பினால் ஏறத்தாழ 120 கிராம் இருக்கும். அதே கப்பை மாவு டப்பாவுக்குள் அமுக்கி எடுத்தால் 150 கிராமையும் தாண்டிவிடும். மூன்று கப் மாவு கேட்கும் செய்முறையில் இந்த வேறுபாடு ஏறத்தாழ 90 கிராம் ஆகிவிடுகிறது. வீட்டில் இது உங்களுக்குத் தெரியாமலே சரியாகிவிடும். ஏனென்றால் கலவை கெட்டியாக இருப்பதைக் கண் பார்த்ததும் கை தானாகவே இரண்டு கரண்டி பாலைச் சேர்த்துவிடும். வகுப்பிலோ இருபது பேர் ஒரே அட்டவணையைப் பார்த்து ஒரே பொருளைச் செய்யும்போது, அந்த இரண்டு கரண்டிப் பால் எங்கும் எழுதப்பட்டிருக்காது. ஆகவே ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு ஒன்றை வாங்கி, நீங்கள் வழக்கமாகச் செய்யும் செய்முறைகளையெல்லாம் கிராமில் எழுதிக்கொள்ளுங்கள். முட்டையையும் எண்ணிக்கையில் எழுதாமல், ஓடு நீக்கிய எடையில் எழுதுங்கள். பெரிய முட்டை ஒன்று ஓடில்லாமல் சுமார் 50 கிராம் இருக்கும். ஆனால் ஒரே அட்டையில் உள்ள முட்டைகளுக்குள்ளேயே வேறுபாடு உண்டு என்பது நிறுத்துப் பார்த்தால் தெரியும்.

அடுத்தபடியாக, அந்தக் கிராம் கணக்கை பேக்கர்களின் சதவீதக் கணக்காக மாற்றப் பழகுங்கள். இதில் மாவின் எடை எப்போதும் 100 என்று கொள்ளப்படும். மற்ற பொருள்களெல்லாம் மாவின் எடைக்கு எத்தனை சதவீதம் என்று குறிக்கப்படும். எளிய ரொட்டி ஒன்றுக்குத் தண்ணீர் 65, உப்பு 2, உலர் ஈஸ்ட் 1 என்று இருக்குமானால், 500 கிராம் மாவுக்கு 325 கிராம் தண்ணீரும் 10 கிராம் உப்பும் 5 கிராம் ஈஸ்டும் வேண்டும். 8 கிலோ மாவுக்கு 5.2 கிலோ தண்ணீரும் 160 கிராம் உப்பும் 80 கிராம் ஈஸ்டும் வேண்டும். பெரிய அளவுக்குக் கூட்டவும் குறைக்கவும் இது வசதியானது என்பது வெளிப்படை. அதைவிட முக்கியமான பயன் ஒன்று உண்டு. சதவீதத்தைப் பார்த்த மாத்திரத்தில் ஒரு செய்முறையின் இயல்பு புரிந்துவிடும். உப்பு 4 சதவீதம் என்று எங்காவது கண்டால், மாவைத் தொடுவதற்கு முன்பே அச்சுப்பிழையோ என்று சந்தேகிப்பீர்கள். தண்ணீர் 80 சதவீதம் என்றால், கையில் ஒட்டும் மாவாகத்தான் இருக்கும், அதற்காகக் கூடுதலாக மாவு தூவக் கூடாது என்பது முன்கூட்டியே தெரிந்திருக்கும்.

மூன்றாவதாக வெப்பநிலை. தெர்மாமீட்டர் இல்லாமலே வீட்டில் நல்ல ரொட்டி செய்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பள்ளியில் முதலில் வியப்பைத் தருவது, தண்ணீர் ஊற்றுவதற்கே ஒரு கணக்கு இருப்பதுதான். பிசைந்து முடித்த மாவு 25 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதை மூன்றால் பெருக்கினால் 75. அதிலிருந்து பிசையாத உலர் மாவின் வெப்பநிலை 28, அறையின் வெப்பநிலை 30, பிசையும் இயந்திரத்தின் உராய்வால் ஏறும் வெப்பம் 10 ஆகியவற்றைக் கழித்தால் மீதி 7. ஆக, 7 டிகிரியில் இருக்கும் தண்ணீரைத்தான், அதாவது குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். ஈஸ்டுக்கு எப்போதும் வெதுவெதுப்பான நீர் என்று பழகிய கைக்கு இது விபரீதமாகத் தோன்றும். ஆனால் கோடையில் மாவு அளவுக்கு மீறிப் புளிப்பதும், குளிர்காலத்தில் எழும்பாமல் படுத்துக் கிடப்பதும் ஏன் என்ற கேள்விக்கு இந்தச் சிறிய கழித்தல் கணக்கில் பதில் இருக்கிறது. இயந்திரத்துக்கு இயந்திரம் உராய்வு மாறும் என்பதால், பிசைந்த பின் மாவின் வெப்பநிலையை ஒவ்வொரு முறையும் எடுத்து எழுதி வைத்தால், உங்கள் இயந்திரத்துக்குரிய எண் சில தடவைகளிலேயே பிடிபட்டுவிடும்.

காரணம் தெரிவதால் என்ன பயன் என்பதற்கு வீட்டு பேக்கர்கள் பலருக்கும் நேர்ந்திருக்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். பால், சர்க்கரை, முட்டையின் மஞ்சள் கரு, கார்ன்ஃப்ளார் சேர்த்துக் காய்ச்சும் பேஸ்ட்ரி கிரீம் இரவில் அழகாகக் கெட்டியாகி இருக்கும். காலையில் திறந்து பார்த்தால் கூழாக நீர்த்துப் போயிருக்கும். அடுத்த முறை கார்ன்ஃப்ளாரைக் கூட்டுவார்கள். அப்போதும் அப்படியே ஆகும். உண்மையில் குறை கார்ன்ஃப்ளாரின் அளவில் இல்லை. மஞ்சள் கருவில் அமிலேஸ் என்ற நொதி இருக்கிறது. அது மாவுச்சத்தைச் சிதைக்கும் இயல்புடையது. முட்டை திரிந்துவிடுமோ என்று பயந்து, கிரீம் கெட்டியானவுடனே அடுப்பிலிருந்து இறக்கிவிட்டால், அந்த நொதி முழுமையாகச் செயலிழந்திருக்காது. இரவு முழுவதும் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். கிரீம் நடுவில் குமிழியிட்டுக் கொதித்த பிறகும் ஒன்றிரண்டு நிமிடம் விடாமல் கிளறிக் காய்ச்ச வேண்டும். அப்படிக் கொதித்தாலும் முட்டை எளிதில் திரியாது. கலவையில் இருக்கும் மாவுச்சத்து அதைக் காக்கும். இந்த ஒரு காரணம் தெரிந்தவருக்கு, மாவுச்சத்து சேராத கஸ்டர்டை ஏன் அவ்வாறு கொதிக்கவிடக் கூடாது என்பதும் சேர்ந்தே விளங்கிவிடும். ஒரு செய்முறையைக் கற்பதற்கும் அதன் காரணத்தைக் கற்பதற்கும் உள்ள தூரம் இதுதான். பள்ளியில் நீங்கள் கட்டணம் செலுத்திப் பெற வேண்டியது இரண்டாவதையே.

இனி, வகுப்புக்கு முன் எதைப் பழகுவது என்ற கேள்விக்கு வருகிறேன். பெரும்பாலானவர்கள் இந்த இடைவெளியில் சர்க்கரைப் பூ, பல அடுக்கு அலங்காரம் என்று கடினமானவற்றைப் பழக முற்படுகிறார்கள். அது வேண்டாம் என்பது என் கருத்து. மாவு, வெண்ணெய், சர்க்கரை, முட்டை ஆகிய நான்கையும் சம எடையில் சேர்த்துச் செய்யும் பவுண்டு கேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதை மறுபடி மறுபடி செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரு முறை வெண்ணெய் 18 முதல் 20 டிகிரிக்குள் இருக்கட்டும். மறுமுறை எண்ணெய்ப் பளபளப்பு வரும் அளவுக்கு இளகியிருக்கட்டும். இன்னொரு முறை முட்டையைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தபடியே சேர்த்து, கலவை எப்படித் திரிகிறது என்று பாருங்கள். ஆறிய பின் குறுக்கே வெட்டி, உள்ளே இருக்கும் துளைகளைப் படம் எடுத்து, பக்கத்திலேயே அன்றைய வெப்பநிலைகளையும் எழுதி வையுங்கள். அலங்காரத்தின் கீழே எதையும் மறைக்க முடியாத கேக் என்பதால் இது நல்ல ஆசிரியர். கூடவே, ஓவனுக்குள் வைக்கும் சிறிய தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி, உங்கள் ஓவன் காட்டும் 180 உண்மையில் எத்தனை என்று பார்த்துவிடுங்கள். பல வீட்டு ஓவன்கள் பத்து, இருபது டிகிரி தள்ளியே காட்டும். நீங்கள் இத்தனை காலமும் பின்பற்றிய நேரக் கணக்கெல்லாம் அந்தத் தவறான எண்ணுக்குப் பொருத்தமாக அமைந்தவை என்பது அப்போது புரியும்.

இன்னும் ஒரு சிறிய கணக்கு. 20 சென்டிமீட்டர் வட்டப் பாத்திரத்துக்குரிய கலவையை 30 சென்டிமீட்டர் பாத்திரத்துக்கு மாற்றும்போது ஒன்றரை மடங்கு போதும் என்றே தோன்றும். ஆனால் வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே அதே உயரம் வேண்டுமானால் 2.25 மடங்கு கலவை தேவை. முதல் மாதத்திலேயே இந்தக் கணக்கு உங்களிடம் கேட்கப்படும்.

கேள்வி: படிப்பில் சேர்ந்து சில வாரங்கள் ஆகின்றன. ஆசிரியர் சொல்லும் முறை, நான் வீட்டில் பழகியதற்குப் பல இடங்களில் நேர்மாறாக இருக்கிறது. என் முறையிலும் பொருள் நன்றாகத்தான் வருகிறது. "வீட்டில் நான் இப்படித்தான் செய்வேன்" என்று ஒருமுறை சொன்னபோது அவர் முகம் மாறிவிட்டது. எதற்கெடுத்தாலும் "சரி, செஃப்" என்று சொல்ல வேண்டியிருப்பதும் மனதுக்கு ஒட்டவில்லை. – வாசகர் ஒருவர்

பதில்: வகுப்பறையில் ஆசிரியரின் முறையை முழுமையாகச் செய்துவிடுங்கள், அதில் உங்கள் முறையைப் பாதி கலக்காதீர்கள். இது பணிந்துபோவதற்காகச் சொல்லும் யோசனை இல்லை. இரண்டையும் கலந்து செய்த பொருள் நன்றாக வந்தால் அதற்கு எது காரணம் என்று உங்களாலும் சொல்ல முடியாது, கெட்டுப்போனால் ஆசிரியராலும் சொல்ல முடியாது. பிறகு வீட்டில் உங்கள் முறையில் ஒன்று, அவர் முறையில் ஒன்று என்று இரண்டையும் செய்து, வேறுபாட்டைக் குறித்துக்கொண்டு, "இரண்டையும் செய்து பார்த்தேன், இதன் ஓரம் சற்று வறண்டிருந்தது, ஏன் என்று விளக்க முடியுமா?" என்று கேளுங்கள். இப்படிக் கேட்கும் மாணவரிடம் முகம் சுளிக்கும் ஆசிரியர் அரிது. நேரமும் பார்க்க வேண்டும். அடித்த வெள்ளைக் கருவில் சூடான பாகை ஊற்றிச் செய்யும் இத்தாலிய மெரிங்குக்காகச் சர்க்கரைப் பாகு 115 டிகிரியைத் தாண்டி 120 நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்போது ஆசிரியரின் கவனம் முழுவதும் அந்தப் பாத்திரத்தில்தான் இருக்கும். அப்போது எழுப்பும் கேள்வி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அவருக்குத் தொந்தரவாகவே படும்.

ஒரே படிப்பில் இரண்டு ஆசிரியர்கள் ஒன்றுக்கொன்று மாறாகச் சொல்வதையும் பார்க்கப் போகிறீர்கள். வெண்ணெயை உள்ளே வைத்து மடிக்கும் பஃப் பேஸ்ட்ரி மாவை ஒருவர் மூன்றாக மடித்து விரிப்பதை ஆறு முறை செய்யச் சொல்வார். அதில் வெண்ணெய் 729 அடுக்காகும். இன்னொருவர் நான்காக மடித்து நான்கு முறை போதும் என்பார்; அதில் 256 அடுக்கு. இருவரும் சரியாகத்தான் சொல்கிறார்கள். அடுக்குகள் கூடக் கூட ஒவ்வொன்றும் மெலிந்து, சீரான உயரம் கிடைக்கும். குறைவாக இருந்தால் அடுக்குகள் தடித்து, உதிரும்போது பெரிய செதில்களாக வரும். எந்தப் பொருளுக்கு எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கத் தெரிவதற்காகத்தான் இரண்டையும் கற்கிறீர்கள். உங்கள் வீட்டு முறையும் ஒரு நாள் அந்த வரிசையில் தனக்குரிய இடத்தைப் பெறக்கூடும்.

"சரி, செஃப்" என்பதைப் பற்றி. தொழில்முறைச் சமையலறையைப் பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர் என்ற ஒழுங்கை நிலைநிறுத்தியவர் பிரெஞ்சு சமையல் வல்லுநர் ஒகுஸ்த் எஸ்கோஃபியே (1846–1935). அந்த ஏற்பாட்டின் வழக்கங்கள்தான் இன்றும் பள்ளிகளில் தொடர்கின்றன. கேட்டது காதில் விழுந்தது என்று உரக்கச் சொல்வதும், ஒருவருக்குப் பின்னால் போகும்போது "பின்னால்" என்பதும், தட்டை எடுத்து வரும்போது "சூடு" என்பதும், 200 டிகிரி தட்டுகளும் கத்திகளும் குறுக்கும் நெடுக்கும் போகும் அறையில் உயிர்க்காப்பு. இதைக் கீழ்ப்படிதலாக எண்ணாமல் பாதுகாப்பு விதியாக எடுத்துக்கொண்டால் மனம் ஒட்டிவிடும். அதே சமயம், ஒழுங்கு வேறு, அவமதிப்பு வேறு. மாணவரைக் கேவலமாகப் பேசுவதும், செய்த பொருளை அவர் முன்னே குப்பையில் வீசுவதும் பயிற்சியின் பகுதி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அத்தகையதை நிர்வாகத்திடம் எழுத்தில் தெரிவிக்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.

கேள்வி: வகுப்பில் நான்தான் எப்போதும் கடைசி. என் பொருளின் தரத்தை ஆசிரியர் குறை சொல்வதில்லை. நேரத்துக்கு முடிப்பதில்லை என்கிறார். வீட்டில் நிதானமாகச் செய்து பழகிவிட்டேன். கை வேகத்தை எப்படிக் கூட்டுவது? – வாசகி

பதில்: கை வேகத்தைக் கூட்ட முயலாதீர்கள், அவசரத்தில் தராசின் எண்ணைத் தவறாகப் படிப்பதுதான் மிச்சமாகும். வேகமாக முடிப்பவர்களைக் கவனித்துப் பாருங்கள். அவர்கள் கைகள் உங்களுடையதைவிட வேகமாக அசைவதில்லை. ஆனால் அவர்கள் எதையும் தேடுவதில்லை. பொருள்களை நிறுத்து, பாத்திரங்களை எடுத்து வைத்து, ஓவனை மூட்டிவிட்டு, அதன் பிறகே முதல் வேலையைத் தொடங்குவார்கள். இதைத்தான் பள்ளிகளில் மிஸ் ஆன் பிளாஸ் என்று சொல்லிச் சொல்லிப் பழக்குகிறார்கள்.

அதற்கும் முந்தைய வேலை காகிதத்தில் இருக்கிறது. நாளைய செய்முறையை இன்று இரவே முடிவிலிருந்து தொடக்கம் நோக்கி எழுதிப் பாருங்கள். எலுமிச்சை டார்ட் ஒன்றை 12 மணிக்கு வைக்க வேண்டும். ஆற இரண்டு மணி நேரம் வேண்டும் என்றால் 10 மணிக்கு அது ஓவனைவிட்டு வெளியே வர வேண்டும். பூரணத்துடன் வேக அரை மணி நேரம், ஆகவே 9.30க்கு உள்ளே போக வேண்டும். பூரணம் இல்லாமல் டார்ட்டின் மாவு ஓடு மட்டும் முன்னதாக வேக அரை மணி நேரம், 9 மணி. அச்சில் விரித்த மாவு குளிர அரை மணி நேரம், 8.30. விரிக்கக் கால் மணி நேரம், 8.15. பிசைந்த மாவு ஓய்வெடுக்க ஒரு மணி நேரம், 7.15. பிசையக் கால் மணி நேரம்; 7 மணி. வகுப்பு தொடங்குவதோ 8 மணிக்கு! மாவை முந்தின நாளே பிசைந்து வைத்தாலொழிய இந்த டார்ட் 12 மணிக்கு வராது என்பதை எழுதிப் பார்த்தவர் இரவே அறிந்துகொள்கிறார். எழுதாதவர் மறுநாள் 11 மணிக்கு அறிந்துகொள்கிறார். இந்தக் கணக்கில் இன்னொன்றும் தெரியும்: ஓடு குளிரும் அரை மணி நேரமும் அது வேகும் அரை மணி நேரமும் உங்கள் கைகள் சும்மா இருக்கின்றன. எலுமிச்சைப் பூரணம் தயாராக வேண்டியதும், முதல் சுற்றுப் பாத்திரங்கள் கழுவி முடிய வேண்டியதும் அந்த நேரத்தில்தான்.

இருக்கும் இடத்தைச் சுத்தமாக வைத்துக்கொண்டே வேலை செய்வதும் வேகத்தின் பகுதியே. சிந்திய ஈரக் கலவையின் மேல் விரித்த மாவு ஒட்டும்; ஒட்டினால் மறுபடி உருட்ட வேண்டும்; உருட்டினால் மறுபடி குளிர வைக்க வேண்டும். ஈரத்துணி ஒன்றால் பத்து நொடியில் துடைத்திருந்தால் இந்த அரை மணி நேரம் மிஞ்சியிருக்கும்.

கேள்வி: எனக்கு பேக்கிங்கில் மட்டுமே ஆர்வம். ஆனால் நான் விசாரித்த பள்ளிகளில் ஒன்றில், முதல் பருவம் முழுவதும் காய்கறி நறுக்குவது, ஸ்டாக், சாஸ் என்று பொதுச் சமையலே இருக்கிறது. அது எனக்கு வீண் இல்லையா? பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது எதைக் கேட்க வேண்டும்? – கல்லூரி முடித்த வாசகி

பதில்: வீண் என்று சொல்ல மாட்டேன். சாஸைக் கெட்டியாக்கும் மாவுச்சத்தும் பேஸ்ட்ரி கிரீமைக் கெட்டியாக்கும் மாவுச்சத்தும் ஒரே விதிக்குத்தான் கட்டுப்படுகின்றன. முட்டை மஞ்சளை மிதமான சூட்டில் அடித்துச் செய்யும் ஹாலண்டேஸ் சாஸைத் திரியாமல் செய்யத் தெரிந்தவருக்கு, மஞ்சள் கருவைச் சர்க்கரையுடன் அடித்து நுரையாகச் செய்யும் சபாயோன் எளிதில் கைவரும். உணவுப் பாதுகாப்புப் பாடமும் பொதுவானது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமிகள் வேகமாகப் பெருகும் என்பதும், காய்ச்சிய கிரீமை அந்த இடைவெளியில் கிடக்கவிடாமல் அகலத் தட்டில் பரப்பி விரைந்து குளிரவைக்க வேண்டும் என்பதும் இறைச்சி வெட்டுபவரைவிட உங்களுக்கே அதிகம் தேவைப்படும். ஆனாலும் உங்கள் நோக்கம் பேஸ்ட்ரி மட்டுமே என்று தெளிவாக இருந்தால், அதற்கெனத் தனிப் படிப்பு வைத்திருக்கும் பள்ளியைத் தேடுவதில் தவறில்லை. 1895இல் பாரிஸில் தொடங்கிய லெ கோர்டான் புளூ போன்ற பள்ளிகளிலேயே சமையலுக்கு ஒரு டிப்ளமோ, பேஸ்ட்ரிக்கு ஒரு டிப்ளமோ என்று தனித்தனியாக உண்டு.

விசாரிக்கும்போது கட்டடத்தையும் சான்றிதழின் பெயரையும் பார்த்து மயங்காமல் இவற்றைக் கேளுங்கள்: வாரத்தில் செய்முறை வகுப்பு எத்தனை மணி நேரம்? ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர்? ஒவ்வொரு மாணவரும் தனியாகப் பொருள் செய்கிறாரா, அல்லது நான்கைந்து பேர் சேர்ந்து ஒன்றைச் செய்கிறார்களா? வேலையிடப் பயிற்சி உண்டா, அதற்கு இடம் தேடித் தருவது பள்ளியா மாணவரா? இவற்றில் மூன்றாவது கேள்விக்கே நான் அதிக எடை கொடுப்பேன். ஐந்து பேர் சேர்ந்து ஒரு கேக் செய்யும் வகுப்பில் ஒருவர் முட்டை உடைப்பார், ஒருவர் தட்டுக்கு வெண்ணெய் தடவுவார், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பார்ப்பதற்காக நீங்கள் சேரவில்லை. முடிந்தால் ஒரு நாள் செய்முறை வகுப்பைப் பார்வையிட அனுமதி கேளுங்கள். மாணவர்களின் கைகள் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்பதை மட்டும் கவனியுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 42. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். இனிமேலாவது படிக்கலாம் என்று நினைக்கிறேன். பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே நான் நிற்பது சரியாக இருக்குமா? – இல்லத்தரசி

பதில்: சரியாகவே இருக்கும். பிரெஞ்சு சமையல் நூல்களால் புகழ்பெற்ற அமெரிக்கர் ஜூலியா சைல்ட் 1949இல் லெ கோர்டான் புளூவில் சேர்ந்தபோது அவருக்கு 37 வயது. இன்று கலினரி இன்ஸ்டிட்யூட் ஆஃப் அமெரிக்கா என்று அறியப்படும் பள்ளி 1946இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் தொடங்கியதே, இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பி வேறு தொழிலைத் தேடிய வீரர்களுக்காகத்தான். வாழ்க்கையின் நடுவில் வந்து சேர்பவர்கள் இந்தப் படிப்புக்குப் புதியவர்கள் அல்லர்.

உடலைப் பற்றி மட்டும் முன்கூட்டியே சிந்தியுங்கள். நாள் முழுவதும் நிற்க வேண்டும். மாவு மூட்டைகள் பெரும்பாலும் 25 கிலோ இருக்கும். இடுப்பை வளைக்காமல், முழங்காலை மடக்கி, மூட்டையை உடலோடு ஒட்டி வைத்துத் தூக்கப் பழகுங்கள்; கனமாகத் தோன்றினால் இன்னொருவரைக் கூப்பிடத் தயங்காதீர்கள், இளைய மாணவர்களும் அப்படித்தான் செய்ய வேண்டும். வழுக்காத அடிப்பகுதியுள்ள, விரல்களை மூடிய காலணிக்குச் செலவிடத் தயங்க வேண்டாம். சூடு பட்டால், ஓடும் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ் கட்டி, வெண்ணெய், பற்பசை எதுவும் வேண்டாம். பெரிய காயமாக இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். பிள்ளைகள் வளர்ந்த வீட்டை நடத்தியவருக்கு, பல வேலைகளை ஒரே நேரத்தில் மனதில் வைத்திருக்கத் தெரியும். மேலே சொன்ன டார்ட் கணக்கு உங்களுக்கு மற்றவர்களைவிட எளிதாகவே வரும் என்று நம்புகிறேன்.

கேள்வி: வீட்டிலிருந்தே கேக் ஆர்டர் எடுத்துச் செய்து வருகிறேன். படிக்கும்போதும் அதைத் தொடரலாமா? – வாசகர்

பதில்: முதல் பருவத்தில் வேண்டாம். பகல் முழுவதும் நின்றுவிட்டு இரவில் மறுபடி ஓவன் முன் நிற்பது உடலுக்கு ஆகாது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. ஆர்டருக்குச் செய்யும் கேக் கெட்டுப்போகக் கூடாது. ஆகவே தெரிந்த முறையையே கையாளுவீர்கள். படிக்கும் காலத்திலோ கெட்டுப்போகக்கூடிய கேக்குகளைத்தான் நீங்கள் நிறையச் செய்து பார்க்க வேண்டும். வருமானத்துக்கு அது அவசியம் என்றால், ஒரே அளவில் ஒரே வகைக் கேக் ஒன்றை மட்டும் வார இறுதிக்கு ஏற்றுக்கொள்ளுங்கள்; வகுப்பில் கற்றதை அதில் சோதிக்காதீர்கள். வழக்கமாக வாங்குபவர்களுக்கு எந்தத் தேதி முதல் ஆர்டர் எடுக்கப் போவதில்லை, எப்போது மறுபடி தொடங்குவீர்கள் என்பதை இப்போதே தெரிவித்துவிடுங்கள். முன்பணம் வாங்கியிருந்தால், வகுப்பு தொடங்கும் முன் அந்த ஆர்டர்களை முடித்துக் கொடுத்துவிடுங்கள் அல்லது பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.